பால் குடிக்காத பாம்பு

வீட்டில் பாம்பு வளர்க்கிறேன் என்று சொன்னால் வரும் முதல் கேள்வி, "கடிக்காதா?" இரண்டாவது, "என்ன சாப்பிடும்?" முதலாவதற்குப் பதில் சொல்வது சுலபம். பால் பைத்தான் நஞ்சில்லாத சிறிய மலைப்பாம்பு. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்துபோலச் சுருண்டுவிடும். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். இரண்டாவதற்கும் ஒரே சொல்லில் பதில் உண்டு: எலி. அதைச் சொன்னதும் கேட்டவர் ஒரு கணம் நிறுத்தி, "ஐயோ, பாவம்" என்பார்.

யார் பாவம்? எலி பாவமா, அல்லது எனக்குப் பாவமா? தமிழில் இந்த ஒரு சொல் இரண்டு வேலை பார்க்கிறது. சாகும் உயிர்மேல் நாம் படும் இரக்கமும் பாவம்தான். சாகடித்தவன் தலையில் ஏறும் குற்றமும் பாவம்தான். பேச்சில் நாம் முதல் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை நைசாக விட்டுவிடுகிறோம். இந்த இரண்டையும் அப்படிப் பிரித்துவிட முடியுமா என்பதுதான் என் கேள்வி. எலியை நான் தின்னவில்லை, பாம்புதான் தின்கிறது. ஆனால் அந்தப் பாம்பை வாங்கியவன் நான். அப்படியென்றால் அந்த எலியின் சாவு யார் கணக்கில் வரும்?

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். கித்தா போய்ச் செம்பனை வந்தபோது லயத்தைக் காலிசெய்துவிட்டுக் குடும்பம் ஈப்போவுக்கு, புந்தோங்குக்கு வந்தது. நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான். படித்தது நிபோங் திபாலில் இயந்திரப் பொறியியல். வேலை ஒரு கையுறைத் தொழிற்சாலையில். "பால் பைத்தான் வாங்கப் போறேன் பாட்டி" என்று சொன்னபோது அவர் கேட்டது: "பால் குடிக்கிற பாம்பா தம்பி?" ஆங்கிலத்துப் பந்து தமிழ் எழுத்தில் பாலாகிவிட்டது. பாட்டிக்குப் பால் என்றால் முதலில் மரத்துப் பால், அப்புறம் மாட்டுப் பால். இப்போது பாம்பும் சேர்ந்துகொண்டது.

ஆனால் அவர் கேட்டது காது மயக்கத்தால் மட்டும் அல்ல. தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் ஒரு புற்று இருந்ததாம். வெள்ளிக்கிழமை பாலும் முட்டையும் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். மறுநாள் முட்டை இருக்காது. நாகம்மா வந்து சாப்பிட்டுவிட்டுப் போனதாக நம்பிக்கை. முட்டையை எடுத்தது பியாவாக் உடும்பாகவும் இருந்திருக்கலாம். பால் விஷயம் இன்னும் தெளிவானது. பாம்புக்குப் பால் உணவே அல்ல. குட்டிக்குப் பால் கொடுக்கும் இனம் இல்லை அது. பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்த பாம்பு, தாகத்தில் எந்தத் திரவத்தையும் உறிஞ்சும். பாம்பாட்டிக் கூடைகளில் பால் குடித்த பாம்புகளின் கதை அதுதான்.

இதை மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. புற்றுக்குப் பால் வைத்த அதே ஜனங்கள், விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போகும்போது காலடியில் நாகம் வந்தால் பாராங்கத்தியால் வெட்டியவர்கள்தான். வேறு வழி இல்லை, ஆஸ்பத்திரி தூரம். பாம்பை ரசிப்பதற்கே ஒரு வசதி வேண்டும், அந்த வசதி எனக்குக் கிடைத்தது தாமான் வீட்டில். அவர்களுக்குப் பாம்பு என்பது பயம். அந்தப் பயத்தோடு பக்கத்தில் வாழ்வதற்கு ஏதோ ஒன்று தேவைப்பட்டது. பால் என்பது யாரும் சாகாமல் கிடைக்கும் உணவு. பாம்பு பால் குடிக்கும் என்று நம்பினால், அதன் வாயையும் வயிற்றையும் மறந்துவிட்டு அதைக் கும்பிட முடியும்.

"பாம்புக்குப் பால் வார்த்த மாதிரி" என்று நன்றி கெட்டவனைத் திட்டுகிறோம். எனக்கு அந்தப் பழமொழியில் பாம்பின் குற்றம் எதுவும் தெரியவில்லை. அது கேட்காத ஒன்றைக் கொடுத்துவிட்டு, அது நம்மைப்போல ஆகவில்லையே என்று கோபித்துக்கொள்கிறோம். ஓர் உயிரை அது இருக்கிறபடி வைத்துப் பராமரிக்க வேண்டுமானால், முதலில் அதன் பசி என்ன என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பால் பைத்தானின் பசி எலி. அரைகுறையாக ஒப்புக்கொள்ள முடியாது. நாய்க்குச் சோறு போட்டுப் பழக்குவதுபோல இதைச் சைவமாக்க முடியாது.

*

வாங்குவதற்கு முன்னால் ஒரு வருடம் படித்தேன். பாம்புக்குட்டியைத் தேர்ந்தெடுப்பது பழம் வாங்குவதுபோல என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். கண் தெளிவாக இருக்க வேண்டும். மூக்கில், வாய் ஓரத்தில் நுரை இருக்கக்கூடாது; மூச்சுவிடும்போது விசில் சத்தம் வந்தால் நுரையீரல் தொற்று. செதில்களுக்கு இடையில் கறுப்புப் புள்ளி நகர்ந்தால் உண்ணி. முதுகெலும்பு மேடாகத் துருத்திக்கொண்டு நிற்காமல் உடம்பு உருண்டையாக இருக்க வேண்டும். கையில் எடுத்தால் நாக்கை நீட்டி நீட்டி முகர்ந்து பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், இதுவரை எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறது, என்ன சாப்பிட்டது, உயிரோடா அல்லது உறைய வைத்ததா என்ற குறிப்பு. பால் பைத்தான் சாப்பாட்டில் பெயர்போன பிடிவாதக்காரன். மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். தொடர்ந்து நாலைந்து முறை சாப்பிட்ட குட்டியைத்தான் எடுக்க வேண்டும்.

இதுவரை எல்லாம் உடல்நலம். இதற்கு மேலே போனால் தேர்வு என்பது வேறு விஷயமாகிவிடுகிறது.

இந்தப் பாம்பின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்காவும் மத்திய ஆப்பிரிக்காவும். கானா, தோகோ, பெனின் நாடுகளிலிருந்து பல பத்தாண்டுகளாக ஏற்றுமதியாகிறது. 'பண்ணையில் பொரித்தது' என்று சீட்டு ஒட்டியிருக்கும். ஆனால் பல சமயம் சினைப் பாம்பும் முட்டையும் வெளியிலிருந்து பிடித்து வரப்பட்டவை. பொரிப்பது மட்டும்தான் பண்ணையில். சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இந்த இனம் இருக்கிறது. அச்சுறு நிலையை நெருங்கும் இனம் என்று 2021-இல் மதிப்பிட்டிருக்கிறார்கள். மலேசியாவில் வைத்துக்கொள்ள 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பெர்ஹிலித்தான் உரிமம் வேண்டும். ஆக, தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்த குட்டியா, இல்லை எங்கோ ஒரு மரவள்ளிக் கொல்லையில் தோண்டி எடுத்த முட்டையா என்று கேட்காமல் வாங்குகிறவன், கேட்காததையும் சேர்த்துத்தான் வாங்குகிறான்.

அடுத்தது நிறம். பால் பைத்தானில் நூற்றுக்கணக்கான நிற வகைகளை வளர்ப்பாளர்கள் உண்டாக்கியிருக்கிறார்கள். அவற்றில் 'ஸ்பைடர்' என்று ஒன்று. சிலந்தி வலைபோல மெல்லிய கோடுகள், பார்க்க மிக அழகு. ஆனால் அந்தக் கோட்டைத் தரும் மரபணுவோடு நரம்புக் கோளாறும் சேர்ந்தே வருகிறது. தலை ஆடும். சில பாம்புகள் இரையைக் குறிவைத்துப் பிடிக்கத் திணறும், கவிழ்ந்தால் நிமிரத் தெரியாமல் திருகிக்கொள்ளும். கோளாறை நீக்கி அழகை மட்டும் வைத்துக்கொள்ள இதுவரை யாராலும் முடியவில்லை. ஒரு கடையில் என்னிடம், "தலை கொஞ்சம் ஆடும், அது ஒண்ணும் இல்ல பிரதர், டான்ஸ்" என்றார்கள். நான் எடுத்தது சாதாரணப் பழுப்பும் கறுப்பும். காட்டில் இருப்பதைப்போலவே.

*

என் குட்டி வரும்போது 110 கிராம். இளம் பாம்புக்கு உடல் எடையில் 10 முதல் 15 விழுக்காடு எடையுள்ள இரை, வாரம் ஒரு முறை. அதாவது 11 முதல் 16 கிராம்; ஒரு சின்ன சுண்டெலி. வேறொரு கணக்கும் உண்டு: பாம்பின் உடலில் எது பருத்த இடமோ, இரை அந்த அகலத்தைத் தாண்டக்கூடாது. கூண்டின் ஒரு பக்கம் 31, 32 பாகை வெப்பம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செரிக்காது. சாப்பிட்டபின் இரண்டு நாள் தொடக்கூடாது, தொட்டால் கக்கிவிடும். வளர வளர இடைவெளி கூடும். பெரிய பாம்புக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்று, அதற்கும் குறைவாகக்கூடப் போதும்.

பொறியியல்காரன் என்பதால் நான் மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தேன். கூண்டில் பால் பைத்தான் 20, 30 வருடம் வாழும். 25 என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் 52 எலி. மிச்சம் 24 வருடம், வருடத்துக்கு 26 வீதம் 624. ஆக 676. பாம்புக்குக் கடையில் கொடுத்த விலை ஒரு பக்கம். அதோடு சேர்த்து நான் வாங்கியது 676 சாவு. பெரும்பாலானவை இன்னும் பிறக்கவே இல்லாத எலிகள்.

காட்டில் இருந்தாலும் அது எலியைத்தான் தின்னும் என்று ஒரு பதில் உண்டு. உண்மைதான். புந்தோங் சாக்கடையில் இரவில் வரும் சாவா பாம்பு எலி பிடிப்பதற்கு யாரும் பொறுப்பில்லை. பசித்தது, பிடித்தது. அங்கே பாவம் என்ற சொல்லுக்கு இடமே இல்லை. ஆனால் என் அறையில் இருக்கும் பாம்பு எதையும் தேடிப் போகவில்லை. எது வரும், எப்போது வரும், உயிரோடு வருமா செத்து வருமா என்று முடிவுசெய்வது நான். பாம்பின் வாய் அப்படியே இருக்கிறது. வேட்டை மட்டும் என் கைக்கு மாறிவிட்டது.

இந்த மாற்றத்தை மறைப்பதற்குச் சுலபமான வழி, எலியை உயிரோடு போடுவது. என்னைப் பார்க்க வரும் நண்பர்கள் கேட்பது அதைத்தான். "உயிரோட போடுடா, வீடியோ எடுக்கலாம்." "அதுதான் இயற்கை" என்று ஒரு நியாயமும் சொல்வார்கள். இரண்டடிக் கண்ணாடிப் பெட்டியில் எலிக்கு ஓட இடமில்லை, ஒளியப் பொந்தில்லை. அதில் இயற்கை எங்கே இருக்கிறது? பாம்புக்கும் அது நல்லதல்ல. பசியில்லாத பாம்போடு இரவு முழுக்க விடப்பட்ட எலி அதன் முதுகைக் கடித்துக் குதறிய சம்பவங்கள் நிறைய.

சினுவா அச்செபேயின் 'கடவுளின் அம்பு' நாவலில் (1964) இதே பாம்பு வருகிறது. இக்போ கிராமத்தில் ராஜ மலைப்பாம்பு ஒரு தெய்வத்துக்கு உரியது. குடிசை மேல்சுவரில் சர்வசாதாரணமாகக் குடியிருக்கும், எலித் தொல்லை இருக்காது, யாரும் அதைத் தொடமாட்டார்கள். பூசாரியின் மகன் ஒடுச்சே கிறிஸ்தவப் பள்ளிக்குப் போகிறவன். பாம்பைக் கொன்று தன் புதிய விசுவாசத்தைக் காட்ட வேண்டும் என்று அவனுக்கு ஓர் உந்துதல், அடிக்கவோ பயம். கடைசியில் சின்னப் பாம்பு ஒன்றைத் தன் மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறான். மூச்சு முட்டித் தானாகச் சாகட்டும். அப்படிச் செத்தால் சாவுக்குக் காரணம் நான்தான், ஆனால் கொன்ற குற்றம் என்மேல் இல்லை என்று அந்தச் சிறுவன் மனசுக்குள் கணக்குப் போடுகிறான்.

அந்த இடத்தைப் படித்தபோது, நாவலில் பாம்பு இருந்த பெட்டிக்குள் எனக்கு எலிதான் தெரிந்தது. கண்ணாடிப் பெட்டியில் உயிருள்ள எலியைப் போட்டுவிட்டு மூடியைச் சாத்துகிறவன் போடும் கணக்கும் இதே கணக்குத்தான். "நான் கொல்லல, பாம்புதான் கொன்னுச்சு."

எங்கள் தொழிற்சாலையில் இந்தக் கணக்கு செல்லாது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு விபத்து அறிக்கை எழுதப் பழகிய யாருக்கும் தெரியும்: "இயந்திரம் விரலை எடுத்துவிட்டது" என்று எழுதினால் அறிக்கை திரும்பி வரும். இயந்திரம் அதன் வேலையைச் செய்தது. காவல் தகட்டைக் கழற்றியது யார், கழற்றி இருந்தும் சுவிட்சைப் போடச் சொன்னது யார், என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரிந்திருந்தது, இவைதான் கேள்விகள். பெட்டியையும், அதற்குள் பாம்பையும், அதற்குள் எலியையும் வைத்தவன் நான். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அறிக்கையில் பாம்பின் பெயரை எழுத முடியாது.

*

அதனால் நான் கொடுப்பது உறைய வைத்த எலி. முதல் நாள் இரவு குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் இளக வைத்து, மறுநாள் பிளாஸ்டிக் பையில் கட்டி வெந்நீரில் போட்டு, உயிருள்ள எலியின் உடல்சூட்டுக்கு, 38 பாகைக்கு மேல் கொண்டுவந்து, துடைத்து, இடுக்கியால் வாலைப் பிடித்து லேசாக ஆட்ட வேண்டும். பாம்பின் உதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன. சூடு இருந்தால்தான் அது இரை. ஒரு நொடியில் பாய்ந்து பிடித்துச் சுற்றிக்கொள்ளும். செத்த எலியை நெரித்துக்கொண்டே இருக்கும்.

இது சுத்தமான வழி என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளவில்லை. உறைய வைத்த எலியும் ஒருநாள் உயிரோடு இருந்ததுதான். பெரும்பாலும் கரியமில வாயுவால் கொல்கிறார்கள். அதையும் எடுத்ததும் ஒரேயடியாகத் திறந்துவிட்டால் எலிக்கு வலியும் பீதியும். மெதுவாக நிரப்பி முதலில் மயக்கம் வரச் செய்ய வேண்டும் என்கிறது கால்நடை மருத்துவர்களின் வழிமுறை. எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்கிறார்களா என்பதை நுகர்வோர் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்டேன், பதில் சொல்லக்கூடிய ஓரிடத்தில் வாங்குகிறேன். பயத்தோடு கழியும் நேரம் குறைகிறது என்பது மட்டும்தான் இதன் நன்மை. சாவின் எண்ணிக்கை குறையவில்லை. 676 என்பது 676தான்.

"நீ கோழி தின்னலையா?" என்று கேட்பார்கள். தின்கிறேன். எங்கள் வீட்டில் வாரம் இரண்டு கோழி. அதற்கும் மேலே, கோழியைப் பொரிக்கும் எண்ணெயிலும் எலி இருக்கிறது. செம்பனைப் பழத்தைத் தின்னும் எலிகளுக்குத் தோட்டங்களில் வைக்கும் நஞ்சு, இரத்தம் உறையாமல் செய்து, உள்ளுக்குள்ளேயே கசியவிட்டு, சில நாட்கள் எடுத்துக்கொண்டு கொல்லும் வகை. 1980களிலிருந்து நஞ்சுக்குப் பதில் கூகைகளுக்குப் பெட்டி கட்டிவைக்கும் தோட்டங்களும் உண்டு. அங்கே கூகை கொல்கிறது. இரண்டு வகையிலும் எலி சாகாமல் எண்ணெய் இல்லை. பூனை வளர்ப்பவர் வாங்கும் டின்னில் மீன் இருக்கிறது. யார்தான் சுத்தம்?

இந்த வாதத்தின் பலம் எனக்குத் தெரிகிறது. ஆனால் அது எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். எல்லாரும் செய்கிறார்கள், ஆகவே கணக்கே வேண்டாம் என்று நிற்கிறது. நான் அதே இடத்திலிருந்து கிளம்பி எதிர்த்திசையில் போக விரும்புகிறேன்: எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு, பாம்பு வளர்ப்பவனுக்கு அது மறைக்க முடியாதபடி தெரிகிறது, அவ்வளவுதான். பூனை உணவில் மீனுக்கு முகம் இல்லை. கோழித்துண்டுக்கும் முகம் இல்லை. எண்ணெய்ப் போத்தலில் எலியின் வாடைகூட இல்லை. பாம்பின் உணவு மட்டும் கண், காது, மீசை, வால் எல்லாவற்றோடும் முழுசாக வருகிறது. அரைத்து மாவாக்கிக் கொடுத்தால் அது தின்னாது.

சிபிச் சக்கரவர்த்தி கதையை எல்லாரும் இரக்கத்தின் கதையாகச் சொல்கிறோம். சோழர்கள் அந்த வழியில் வந்தவர்கள் என்று சொல்லித்தான் செம்பியன் என்ற பெயரையும் வைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கதையில் முக்கியமானவர் பருந்து. "புறாவைக் காப்பாற்றிவிட்டாய், சரி. என் பசிக்கு என்ன பதில்?" என்று அது கேட்கிறது. சிபி அதைக் கொடியது என்று திட்டவில்லை. பாலும் பழமும் தருகிறேன், திருந்திவிடு என்று சொல்லவில்லை. இரைக்கும் வேட்டைக்கும் நடுவே நுழைந்தவன் விலை கொடுக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டு தராசில் தன் தசையை வைக்கிறான். அவன் நுழைந்தது இரையைக் காப்பாற்ற. நான் நுழைந்தது இரையைக் கொண்டுவந்து கொடுக்க. அப்படிப் பார்த்தால் எனக்கு விலை இன்னும் கூடத்தான். என் தசை கேட்பார் யாரும் இல்லை. குறைந்தபட்சம் கணக்கையாவது கையில் வைத்திருக்கலாம் அல்லவா?

*

பாட்டி வேறொரு தீர்வு சொன்னார். "எதுக்குப் பெட்டியில அடைச்சு வச்சு எலிய வேக வச்சுக்கிட்டு இருக்க? செம்பனைக் காட்டுல விட்டுடு. அங்க இல்லாத எலியா? அது பாட்டுக்குப் பொழைச்சுக்கும்." கேட்க நியாயமாக இருக்கும். அதோடு ஒரு விசித்திரமும் உண்டு. எண்ணெய்ச் செம்பனையின் சொந்த ஊரும் மேற்கு ஆப்பிரிக்காதான். மரமும் பாம்பும் ஒரே மண். கித்தா பிரேசிலிலிருந்து வந்தது, செம்பனை கினி வளைகுடாவிலிருந்து வந்தது, நாங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தோம். இவனும் வந்து சேர்ந்தால் என்ன?

பெனின் நாட்டு உய்தா நகரத்தில் மலைப்பாம்புக் கோயில் ஒன்று இருக்கிறது. நம் பினாங்குப் பாம்புக் கோயில்போல, ஆனால் அங்கே இருப்பவை பால் பைத்தான்கள். இரவில் அவற்றை வெளியே விடுவார்கள். ஊருக்குள் போய் எலி பிடிக்கும், யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் விரட்டமாட்டார்கள், எடுத்துக்கொண்டு வந்து கோயிலில் விடுவார்கள். அங்கே அது நடக்கிறது, ஏனென்றால் அது அந்தப் பாம்பின் ஊர். எலிக்கும் பாம்புக்கும் நடுவே யாரும் நுழையவில்லை.

வேறு ஊரில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃபுளோரிடா இருக்கிறது. செல்லப்பிராணிகளாக வந்த பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகி, அங்கிருந்த முயல், ரக்கூன் போன்ற சிறு பாலூட்டிகளைப் பல இடங்களில் ஏறக்குறைய இல்லாமலாக்கிவிட்டன. 2017-இல் அந்த மாநில அதிகாரிகள் உதவிக்குக் கூப்பிட்டது யாரை? தமிழ்நாட்டு இருளர்களான வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும். அமெரிக்க வேட்டைக்காரர்கள் திணறிய இடத்தில் இவர்கள் தடம் பார்த்தே முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நமக்குப் பெருமையான செய்திதான். ஆனால் அதன் மறுபக்கம்: யாரோ சிலர் 'பொழைச்சுக்கும்' என்று கைகழுவியதன் கணக்கைத் தீர்க்க, செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது. பிடிபட்ட பாம்புகளைக் கொல்லவும் வேண்டியிருந்தது. காட்டில் விடுவதும் ஒடுச்சேயின் பெட்டிதான். பெட்டி கொஞ்சம் பெரியது, அவ்வளவே.

ஆக, எனக்குத் தெரிந்த பதில் இது. வாங்காமல் இருப்பது ஒரு நேர்மையான முடிவு. அதை எடுத்தவரோடு எனக்கு வாக்குவாதம் இல்லை. வாங்கினால், பாவம் என்ற சொல்லின் இரண்டு பொருளையும் சேர்த்து வாங்க வேண்டும். எலியைப் பார்த்து 'பாவம்' என்று சொல்கிற வாய், அது என் கணக்கில் ஏறிய பாவம் என்றும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் அது வெறும் உச்சுக்கொட்டல். அப்படிச் சொல்வதால் ஒரு எலியும் பிழைக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்படிச் சொல்கிறவன் வீடியோவுக்காக எலியை உயிரோடு போடமாட்டான். தலையாட்டும் பாம்பை டான்ஸ் என்று விற்கமாட்டான். ஒன்று இருக்கும்போது இன்னும் ஐந்து வாங்கி அடுக்கமாட்டான். எலியை எடுத்து வைக்கும் வேலையை வீட்டு வேலைக்கார அக்காவிடம் தள்ளிவிடமாட்டான்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்த நூல் எதுவும் இல்லை. என் அம்மாவின் ஒரு விதிதான் பக்கத்தில் வருகிறது. பாம்பு வந்த வாரமே சொல்லிவிட்டார்: "செவ்வாய், வெள்ளி வேணாம்." அந்த இரண்டு நாளும் எங்கள் வீடு சைவம். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. எலி செத்து மாதக்கணக்காகிறது, வெள்ளிக்கிழமையை எலியும் அறியாது, பாம்பும் அறியாது. பிறகு யோசித்தால் அம்மா சொல்வது வேறு. கவிச்சி தொடாத நாள் என்று இரண்டைக் குறித்து வைத்தால், மற்ற ஐந்து நாள் நடப்பது என்ன என்று தெரிந்துதான் செய்கிறோம் என்று அர்த்தம். தினமும் ஒன்றுபோல இருந்தால் அது தெரியாமலே போய்விடும். அதனால் எங்கள் வீட்டில் பாம்புக்குப் புதன்கிழமை.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலைக்கு 1961-இல் வந்த ஒரு பால் பைத்தான், 2020-இல் ஏழு முட்டைகள் இட்டது. அப்போது அதற்கு வயது குறைந்தது 62. என் கணக்கில் 25 வருடம் என்று போட்டது குறைவாகக்கூட இருக்கலாம். எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரலாம், கல்யாணம் ஆகலாம், வருகிறவளுக்குப் பாம்பு ஆகாமல் போகலாம். சித்தி மகனுக்குப் பதின்மூன்று வயது. "அண்ணே, நீங்க போய்ட்டா பாம்ப எனக்குத் தர்றீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். முதலில் ஒரு வருடம் புதன்கிழமை வேலையை நீ செய், எல்லாப் புதனும், பரீட்சை இருந்தாலும் செய், அப்புறம் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன். இதுவரை ஏழு வாரம் ஆகியிருக்கிறது.